இன்ஹெரிடன்ஸ், எஸ்டேட், லெகசி, பிக்வெஸ்ட்: எதை எங்கே சொல்கிறார்கள்?

ஓலைநறுக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விக்டோரியா காலத்து ஆங்கிலக் குடும்பக் கதை ஒன்றைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். கதை முழுக்க ஒரு கிழவரின் சொத்தைச் சுற்றித்தான். அவர் இறக்கிறார், வழக்கறிஞர் உயிலை வாசிக்கிறார், அதன்பின் கடைசிப் பக்கம் வரை சண்டை.

மூலத்தில் இன்ஹெரிடன்ஸ், எஸ்டேட், லெகசி, பிக்வெஸ்ட், ஹெரிடேஜ் என்று ஐந்து சொற்கள் மாறி மாறி வருகின்றன. என் வரைவில் ஐந்தும் ‘சொத்து’ என்றோ ‘பரம்பரைச் சொத்து’ என்றோதான் வந்து விழுகின்றன. ஆனால் ஆசிரியர் தெரிந்தேதான் சொல்லை மாற்றுகிறார் என்று படுகிறது. ஒரே பக்கத்தில் வழக்கறிஞர் ஒரு சொல்லைச் சொல்கிறார், பேரன் இன்னொன்றைச் சொல்கிறான். அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்க முடியுமா? தமிழ்ச் சொல் பரிந்துரைத்தாலும் சரி, ஆங்கிலத்தில் இருக்கும் வேறுபாட்டை மட்டும் சொன்னாலும் சரி.

---

சாட்சிக்கூண்டு எழுதியது:

நல்ல கேள்வி. பேசுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கிழவர் உயிலில் தன் பேரனுக்கு 500 பவுன் எழுதி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடுப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது லெகசி, அல்லது பிக்வெஸ்ட். உயிலின் வழியாக, இன்னாருக்கு இவ்வளவு என்று குறித்துக் கொடுப்பது. கிழவர் கண்ணை மூடியதும் அவருடைய வீடு, நிலம், வங்கிப் பணம், கடன் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுப்பாகிறது. அந்தத் தொகுப்புக்குப் பெயர் எஸ்டேட். பேரனின் 500 பவுன் இப்போது அதற்குள் கிடக்கிறது, இன்னும் அவன் கைக்கு வரவில்லை. கடனும் வரியும் அடக்கச் செலவும் போன பிறகே பங்கு. கடைசியில் பணம் கைக்கு வந்ததும் பேரன் தன் நண்பனிடம் ‘இது என் இன்ஹெரிடன்ஸ்’ என்கிறான். இன்ஹெரிடன்ஸ் பெறுகிறவன் வாய்ச்சொல்.

பணம் ஒன்றுதான், அது நிற்கும் இடம் மாற மாறப் பெயர் மாறுகிறது. உங்கள் கதையில் வழக்கறிஞரும் பேரனும் ஒரே பக்கத்தில் வேறு வேறு சொல் சொல்வதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எஸ்டேட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கதையில் அதே சொல் கிராமப்புறத்து மாளிகையையும் அதைச் சுற்றிய நிலத்தையும் குறிக்கும். ‘ஹி ரிட்டர்ன்ட் டு தி எஸ்டேட்’ என்றால் ஊர் மாளிகைக்குத் திரும்பினான். ‘தி எஸ்டேட் வாஸ் செட்டில்ட்’ என்றால் இறந்தவரின் கணக்கு வழக்கைத் தீர்த்து முடித்தார்கள். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடைக்காதீர்கள்.

ஹெரிடேஜ் இந்த வரிசையில் வராது. சட்டத்துக்கு வெளியே, ஓர் இனமோ ஊரோ நாடோ வழிவழியாகக் காத்து வருவது அது. அதற்கு நம் ‘மரபு’ போதும்.

அப்புறம், பழைய உயில்களில் டிவைஸ் என்ற வினை வரும். நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தை எழுதி வைப்பது டிவைஸ். பணம், நகை, தட்டுமுட்டுச் சாமான் என்றால் பிக்வீத், அதாவது பிக்வெஸ்டின் வினை. இங்கிலாந்து வழக்கறிஞர்கள் இந்த வேறுபாட்டை வெகுகாலம் கறாராகக் காத்தார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டமோ இரண்டுக்கும் டிவைஸ் என்றே சொல்லிவிட்டது.

---

வேர்ச்சொல் எழுதியது:

சாட்சிக்கூண்டு சொன்ன அத்தனை சொல்லையும் ஒரே ஆவணத்தில் பார்க்க வேண்டுமா? ஷேக்ஸ்பியரின் உயிலைப் படியுங்கள். 1616 மார்ச் 25 என்று தேதியிட்டது. ஏப்ரல் 23 அன்று அவர் இறந்தார். மூலப்படி லண்டன் க்யூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

மூத்த மகள் சுசானாவுக்கு வீடும் நிலங்களும் போகும் இடத்தில் ‘கிவ், வில், பிக்வீத் அண்ட் டிவைஸ்’ என்று நான்கு வினைகளை அடுக்குகிறது உயில். மனைவி ஆனுக்குக் கட்டிலைக் கொடுக்கும் இடத்தில் வெறும் ‘கிவ்’. பலரும் பேசும் அந்த ‘இரண்டாவது சிறந்த கட்டில்’ வரி, வரிகளுக்கு நடுவே பிறகு செருகப்பட்டது. அதை அவமதிப்பு என்போரும் உண்டு. சிறந்த கட்டில் விருந்தினருக்கு உரியது, இரண்டாவதுதான் தம்பதியர் கட்டில், ஆகவே அது அன்பு என்போரும் உண்டு. என் பார்வையில் இந்த ஆவணத்தில் கட்டிலைவிடக் கவனிக்க வேண்டியது சுசானாவின் பத்திதான்.

சுசானாவுக்குப் பின் நிலம் யாருக்கு? அவளுடைய முதல் மகனுக்கும் அவன் வழி ஆண் வாரிசுகளுக்கும். அந்த வழி இல்லையென்றால் இரண்டாம் மகன், பின் மூன்றாமவன் என்று ஏழாம் மகன் வரை நீள்கிறது. இதுதான் என்டெயில். நிலத்தை இன்ன வழியில் மட்டுமே இறங்க வேண்டும் என்று கட்டிவைப்பது. யார் கையில் நிலம் இருக்கிறதோ அவர் அதை ஆளலாம், வருமானத்தை அனுபவிக்கலாம், ஆனால் தன் விருப்பப்படி இன்னொருவருக்கு எழுதி வைக்க முடியாது. 1285ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலிருந்து வந்த ஏற்பாடு. (பின்னாளில் நீதிமன்றங்கள் இந்தக் கட்டை உடைக்க வழி கண்டன, அது தனிக் கதை.)

ஏழு மகன்களுக்கு ஏற்பாடு செய்தார். சுசானாவுக்கு ஒரு மகன்கூடப் பிறக்கவில்லை. எலிசபெத் என்ற ஒரே மகள். அவளும் 1670இல் பிள்ளை இல்லாமல் இறந்தாள். இளைய மகள் ஜூடித்தின் மகன்கள் மூவரும் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார்கள். ஷேக்ஸ்பியரின் நேர்வழிச் சந்ததி அத்தோடு முடிந்தது. அந்தப் பத்தியை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனம் கனக்கிறது.

உயிலின் கடைசியில் ‘மற்றவை எல்லாம்’ மருமகன் ஜான் ஹாலுக்கும் சுசானாவுக்கும் என்று வரும். இந்த மிச்சத்துக்குத்தான் ரெசிட்யூ என்று பெயர். அவர்கள் இருவரையுமே எக்சிக்யூட்டராகவும் நியமிக்கிறார், அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்கள்.

பிக்வீத் பழைய ஆங்கிலச் சொல். அடியில் இருக்கும் வினைக்குப் பொருள் ‘சொல்லுதல்’. லெகசி, டிவைஸ், டெஸ்டமென்ட் எல்லாம் லத்தீனிலிருந்து, சில பிரெஞ்சு வழியாக வந்தவை. நார்மானியர் ஆட்சிக்குப் பிறகு சட்டத்தின் மொழி பிரெஞ்சும் லத்தீனுமாக இருந்ததால் இந்த இரட்டை இரட்டையான சொற்கள் உயிலில் தங்கிவிட்டன. ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ என்பதும் அப்படித்தான். மொழிபெயர்ப்பில் ‘உயில்’ என்ற ஒரே சொல் போதும். அடுக்கின் ஓசை வேண்டுமென்றால் ‘கொடுத்து, எழுதி, உரிமையாக்குகிறேன்’ என்பதுபோல் வினைகளை அடுக்கிப் பாருங்கள்.

---

நிரல்மொழி எழுதியது:

நான் மென்பொருள்காரன். எங்களுக்கும் இன்ஹெரிடன்ஸ் அன்றாடச் சொல், ஆனால் நடப்பது வேறு. ஒரு கிளாஸின் (நிரலில் ஒருவகைப் பொருளுக்கான வார்ப்பு) பண்புகளை இன்னொரு கிளாஸ் பெறும்போது மூல கிளாஸ் எதையும் இழப்பதில்லை, சாவதும் இல்லை. நார்வேயில் உருவான சிமுலா 67 என்ற நிரல் மொழியில் தொடங்கிய ஏற்பாடு இது.

உயிரியலிலும் அதே கதைதான். ‘அம்மாவின் கண்களை இன்ஹெரிட் பண்ணினாள்’ என்றால் அம்மாவின் கண்கள் அம்மாவிடமே இருக்கின்றன. ஆக அந்த வினைக்கு இரண்டு போக்கு இருக்கிறது: ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போவது ஒன்று, இருவரிடமும் இருப்பது மற்றொன்று. உங்கள் கதையில் ‘தாத்தாவின் கோபத்தை இன்ஹெரிட் பண்ணினான்’ என்பதுபோல் வந்தால் ‘தாத்தாவின் கோபம் இவனுக்கும்’ என்று அந்த உம்மையைப் போடுங்கள். இரண்டாவது போக்குக்கு நோய் விஷயத்தில் ஹெரிடெட்டரி என்ற பெயரடை வரும். அதற்கு ‘பரம்பரை நோய்’ என்றே சொல்லிவிடலாம்.

---

தென்றல்77 எழுதியது:

இவ்வளவு தலையைக் குடைய வேண்டுமா? பெறுகிறவர் எவரானாலும் ‘வாரிசு’. எயர், பெனிஃபிஷியரி, லெகட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். கதை வாசகருக்கு ஓட்டம்தான் முக்கியம். சட்டப் பாடம் நடத்தினால் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

---

சாட்சிக்கூண்டு எழுதியது:

தென்றல், ஓட்டம் முக்கியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கதையில் வாரிசு யார், பயனாளி யார் என்பதில்தானே சண்டையே.

எயர் என்பவர் சட்டத்தின்படி, இரத்த உறவால் உரிமை பெறுபவர். பெனிஃபிஷியரி உயிலால் பெறுபவர். கிழவர் தன் பால்ய நண்பனுக்கு ஒரு கடிகாரம் எழுதி வைத்தால் நண்பன் பயனாளி. அவனை வாரிசு என்றால் தமிழில் படிப்பவருக்கு அவன் ஏதோ இரகசிய மகன் என்று தோன்றிவிடும். மர்மக் கதையில் அது பெரிய பிழை.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய சட்ட வழக்கில், உயிரோடு இருப்பவருக்கு எயர் கிடையாது. ஆள் இறந்த பிறகே அந்தப் பெயர் பிறக்கிறது. அதுவரை இருப்பவர் இரண்டு வகை. எயர் அப்பேரன்ட் என்றால் இவரை முந்த இனி எவரும் பிறக்க முடியாது, இவர் முதலில் இறந்தாலொழிய இவருக்குத்தான். எயர் பிரிசம்ப்டிவ் என்றால் இப்போதைக்கு இவர், ஆனால் நாளை ஒரு குழந்தை பிறந்தால் இடம் போய்விடலாம்.

இரண்டாம் எலிசபெத்தைப் பாருங்கள். 1936இல் தந்தை ஆறாம் ஜார்ஜ் அரசரானதிலிருந்து 1952இல் தானே அரசியாகும் வரை அவர் எயர் பிரிசம்ப்டிவ்தான். ஒரு தம்பி பிறந்திருந்தால் அரியணை தம்பிக்கு. அவர் மகன் சார்லஸ் 2022இல் அரசராகும் வரை எயர் அப்பேரன்ட். அந்த விதி பிறகு மாறியது. 2011 அக்டோபர் 28க்குப் பின் பிறந்த பெண்ணை அவள் தம்பி முந்த முடியாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் 2018இல் சார்லஸின் பேரன் லூயி பிறந்தபோதும் அக்கா சார்லட் தன் இடத்திலேயே இருந்தாள்.

விக்டோரியா காலக் கதையில் தம்பி மகன் ஒருவன் தன்னை எயர் பிரிசம்ப்டிவ் என்று சொல்லிக்கொண்டு திரிந்தால், ‘கிழவர் மறுமணம் செய்துவிடக் கூடாதே’ என்ற அச்சம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வெறும் ‘வாரிசு’ அதைத் தூக்காது. ‘இப்போதைக்கு வாரிசு’ என்றால்கூடப் பாதி வேலை நடந்துவிடும்.

---

ஓலைநறுக்கு எழுதியது:

அருமை. மறுமணம் என்று நீங்கள் சொன்னது அப்படியே கதையில் இருக்கிறது! அதற்கு வருகிறேன். அதற்குமுன் மூன்று இடங்கள்:

கிழவரின் அண்ணன் ‘டைட் வித்அவுட் இஷ்யூ’ என்று வருகிறது. இயந்திர மொழிபெயர்ப்பு ‘பிரச்சினை இல்லாமல் இறந்தார்’ என்கிறது.

இளைய மகனை ‘கட் ஆஃப் வித் எ ஷில்லிங்’ செய்தார் என்கிறார்கள். ஏன் ஒரு ஷில்லிங்?

உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பணிப்பெண்ணுக்கு அதே உயிலில் 100 பவுன் இருக்கிறது. வழக்கறிஞர் ‘உனக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிடுகிறார். காரணம் சொல்லாமலே கதை நகர்ந்துவிடுகிறது.

---

வேர்ச்சொல் எழுதியது:

இஷ்யூ என்றால் இங்கே பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று இறங்கும் நேர்வழி. ‘சந்ததியின்றி இறந்தார்’ என்று போடுங்கள். ‘பிள்ளையில்லாமல்’ என்றால் கொஞ்சம் குறுகிவிடும், ஏனென்றால் பிள்ளை முன்பே இறந்து பேரன் இருந்தாலும் இஷ்யூ உண்டு. பழைய ஆங்கில ஆவணங்களை இயந்திரத்திடம் கொடுப்பவர்கள் அதிகம் சறுக்கும் சொல் இதுதான்.

ஷில்லிங்: மகனுக்கு உயிலில் ஒன்றுமே எழுதாவிட்டால் ‘அப்பா மறந்துவிட்டார், உயில் செல்லாது’ என்று அவன் வழக்குப் போடுவான் என்ற நம்பிக்கை மக்களிடம் இருந்தது. ஒரு ஷில்லிங் எழுதிவிட்டால் மறக்கவில்லை, வேண்டுமென்றே விலக்கினார் என்பது தெளிவு. சட்டம் அப்படிக் கேட்டதே இல்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் இதை ஆதாரமற்ற பாமர நம்பிக்கை என்று எழுதிவிட்டார். ஆனாலும் சொல்வழக்கு நிலைத்துவிட்டது. ‘ஒரு ஷில்லிங்கோடு கைகழுவிவிட்டார்’ என்று எழுதலாம். காசின் பெயரை விட்டுவிடாதீர்கள், அந்தச் சுருக்கென்ற குத்து அதில்தான் இருக்கிறது.

---

சாட்சிக்கூண்டு எழுதியது:

பணிப்பெண் விஷயம் 1837ஆம் ஆண்டு உயில் சட்டம். இங்கிலாந்தில் இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. எழுதியவர் இரண்டு சாட்சிகள் ஒருசேர இருக்கும்போது கையெழுத்திட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ அந்த உயிலில் கொடுத்தது எதுவும் செல்லாது. உயில் செல்லும், அந்தக் கொடை மட்டும் விழுந்துவிடும். சாட்சிக்கு ஆதாயம் இருந்தால் சாட்சியத்தை நம்ப முடியாது என்பதே காரணம். எக்சிக்யூட்டருக்கு இந்தத் தடை இல்லை, அவர் பயனாளியாகவும் இருக்கலாம். ஷேக்ஸ்பியரின் மகள் இருந்தாளே, அதுபோல.

பாவம் அந்தப் பெண். எசமானர் கூப்பிட்டதும் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டிருப்பாள், அதனாலேயே 100 பவுன் போயிற்று. ஆங்கில வாசகருக்கு இது சட்டென்று உறைக்கும் என்று ஆசிரியர் விட்டிருக்கிறார். தமிழில் ‘சாட்சி போட்டவளுக்குச் சொத்து கிடையாது’ என்று வழக்கறிஞர் வாயில் அரை வரி சேர்த்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

---

மஞ்சள்தாள் எழுதியது:

ஒரு சின்ன இடைச்செருகல். பிரிட்டனில் இன்றைய வரிக்கு இன்ஹெரிடன்ஸ் டாக்ஸ் என்று பெயர். பெயரைப் பார்த்தால் பெறுகிறவர் கட்டுவதுபோல் இருக்கிறது. உண்மையில் வரி எஸ்டேட்டின் மீது விழுகிறது, 3,25,000 பவுனுக்கு மேல் பொதுவாக 40 விழுக்காடு, பங்கு பிரிப்பதற்கு முன்பே. 1894இல் கொண்டுவந்தபோது எஸ்டேட் ட்யூட்டி என்று பொருத்தமாகத்தான் பெயர் வைத்தார்கள். 1986இல் இன்றைய பெயர் வந்தது. அமெரிக்காவில் மத்திய அரசின் வரி எஸ்டேட் டாக்ஸ். பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில் பெறுகிறவரின் உறவைப் பொறுத்து விகிதம் மாறும் வரிக்கே இன்ஹெரிடன்ஸ் டாக்ஸ் என்று பெயர். சாட்சிக்கூண்டு சொன்ன பக்கக் கணக்கு அங்கே சரியாகப் பொருந்துகிறது, பிரிட்டனில் பொருந்தவில்லை. செய்தி மொழிபெயர்ப்பவர்கள் இரண்டையும் ‘வாரிசு வரி’ என்று போட்டுக் குழப்புவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

---

தென்றல்77 எழுதியது:

பயனாளி வாதத்தை ஏற்கிறேன். கடிகாரம் பெற்ற நண்பன் எடுத்துக்காட்டு நல்ல எடுத்துக்காட்டு.

லெகசிக்கு ஒரு யோசனை. பணத்தைச் சொல்லாமல், ஒருவர் விட்டுச்சென்ற பெயரையும் விளைவையும் சொல்லும் இடத்தில் ‘எச்சம்’ என்று போட்டால் என்ன? ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்று குறளே சொல்கிறது. பிள்ளைகள், புகழ் என்று இரண்டு விதமாகவும் உரை சொல்லியிருக்கிறார்கள். லெகசியின் விரிந்த பொருளுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை.

---

நிரல்மொழி எழுதியது:

அழகான சொல், ஆனால் இன்று எச்சம் என்றால் பலருக்குப் பறவை எச்சம்தான் நினைவுக்கு வரும். கதையின் உச்சத்தில் ‘தாத்தாவின் எச்சம்’ என்று படித்தால் வாசகர் தடுமாறுவார். ‘தாத்தா விட்டுச்சென்றது’ என்று வினையாலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் துறையில் லெகசி சிஸ்டம் என்றால் முன்னவர்கள் கட்டிவிட்டுப் போன, இன்னும் தூக்கிச் சுமக்க வேண்டிய பழைய மென்பொருள். விட்டுச்சென்றது சுமையாகவும் இருக்கலாம் என்பது அந்தச் சொல்லில் உண்டு.

---

வேர்ச்சொல் எழுதியது:

எச்சத்தை முழுக்கக் கைவிட எனக்கு மனமில்லை. முன்னுரையிலோ பாதிரியாரின் பேச்சிலோ, நடை உயரும் இடத்தில் ஒருமுறை வந்தால் நிற்கும். பேரன் வாயில் வேண்டாம்.

ஈழத்து வழக்கில் ‘முதுசம்’ இருக்கிறது, முன்னோரிடமிருந்து வந்த சொத்து. இன்ஹெரிடன்ஸுக்கு நெருக்கமானது. எயர்லூம் என்று குடும்பத்தில் கைமாறி வரும் நகை, கடிகாரம், வெள்ளிப் பாத்திரம் வந்தால் ‘முதுசப் பொருள்’ மிகப் பொருத்தம். அந்த லூம் பலரும் நினைப்பதுபோல் தறி அல்ல, பழைய ஆங்கிலத்தில் எந்தக் கருவிக்கும் அது பொதுப்பெயர்.

---

ஓலைநறுக்கு எழுதியது:

முதுசத்தை எடுத்துக்கொண்டேன். எயர்லூமுக்கு நான் வைத்திருந்த ‘பரம்பரைப் பொருள்’ உயிரில்லாமல் கிடந்தது.

இப்போது மறுமணம். உயில் எழுதியபின் கிழவர் இரகசியமாக இன்னொரு பெண்ணை மணந்திருக்கிறார் என்று பாதிக் கதையில் தெரிகிறது. உடனே எல்லோரும் அவர் ‘இன்டெஸ்டேட்’ என்கிறார்கள். உயில் மேசைமேலேயே இருக்கிறதே! அதிலும் மூத்த மகன் மகிழ்கிறான், இளையவனும் மகிழ்கிறான். இருவரும் எப்படி மகிழ முடியும்? கதை நடப்பது 1860களில்.

---

சாட்சிக்கூண்டு எழுதியது:

அதே 1837 சட்டம். திருமணம் செய்தால் அதற்குமுன் எழுதிய உயில் ரத்து. சில விலக்குகள் உண்டு, உங்கள் கிழவர் அதில் வரமாட்டார் போலிருக்கிறது. மேசைமேல் இருப்பது இனி வெறும் காகிதம். இன்டெஸ்டேட் என்றால் செல்லும் உயில் இல்லாமல் இறந்தவர். ‘எஸ்டேட்’ என்ற ஓசை உள்ளே கேட்பதால் ‘சொத்தில்லாதவர்’ என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. டெஸ்டமென்ட் இல்லாதவர் என்பதே பிரிப்பு.

இருவரும் மகிழ்வது எப்படி என்றால், அந்தக் காலத்தில் உயிலில்லாச் சொத்து இரண்டு வழியாகப் பிரிந்து போகும். நிலமும் வீடும் எயர்-அட்-லாவுக்கு, அதாவது மூத்த மகனுக்கு முழுவதும். இதுதான் ப்ரைமோஜெனிச்சர். (கென்ட் வட்டாரத்தில் மட்டும் கேவல்கைண்ட் என்ற வழக்கப்படி மகன்கள் எல்லோருக்கும் சமபங்கு. கதை எங்கே நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) பணம், பங்குப் பத்திரம், சாமான்கள் 1670ஆம் ஆண்டுச் சட்டப்படி போகும்: விதவைக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக மூத்தவனுக்கு மாளிகை உறுதி. ஷில்லிங்கோடு கைகழுவப்பட்ட இளையவனுக்கும் திடீரென்று பணத்தில் பங்கு. இரகசிய மனைவிக்கும் உண்டு. உயிலால் மட்டுமே பெற வேண்டியிருந்த பால்ய நண்பனுக்குத்தான் கடிகாரம் போயிற்று. 1926 முதல் இந்த இருவழிப் பிரிவினை கிடையாது, எல்லாம் ஒரே வரிசையில் போகிறது.

அதனால் அந்த அத்தியாயத்தில் எயர் என்று வரும்போதெல்லாம் தயங்காமல் ‘வாரிசு’ போடுங்கள், அங்கே அது மூத்தவனை மட்டும் குறிக்கும். நெக்ஸ்ட் ஆஃப் கின் என்று வந்தால் பணத்தில் பங்குள்ள நெருங்கிய உறவினர். அதற்கு ‘வாரிசு’ வேண்டாம், ‘நெருங்கிய இரத்த உறவினர்’ என்றே இருக்கட்டும். எக்சிக்யூட்டர் என்ற சொல்லும் அங்கே மறைந்து அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாறியிருக்கும், கவனித்தீர்களா? உயில் போனதும் அது நியமித்த ஆளும் போய்விட்டார், இனி நீதிமன்றம் நியமிக்கும் ஆள்.

---

ஓலைநறுக்கு எழுதியது:

ஆமாம், மாறித்தான் இருக்கிறது! இரண்டும் ஒன்றே என்று நினைத்து இரண்டுக்கும் ‘நிறைவேற்றுநர்’ போட்டிருக்கிறேன். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு ‘நிர்வாகி’ என்று மாற்றுகிறேன். மாளிகை இருப்பது கென்ட்டில் இல்லை, யார்க்‌ஷயரில்.